யவன வீரரும் வைகை மணல் காசும்: சேராத இரண்டு சான்றுகள்

பாண்டிய மன்னரின் மதுரைக் கோட்டை வாயிலை ரோமானியப் படைவீரர்கள் காத்து நின்றார்கள் என்றும், அவர்கள் சம்பளமாகப் பெற்றுக் கடைத்தெருவில் செலவழித்த காசுகளே இன்றும் வைகை ஆற்று மணலில் கிடைக்கின்றன என்றும் ஒரு செய்தியை நீங்கள் எங்கேனும் படித்திருப்பீர்கள் அல்லது கேட்டிருப்பீர்கள். பள்ளி ஆண்டு மலர்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இச்செய்தி அடிக்கடி தலைகாட்டுகிறது. கேட்பதற்கு இனிமையாகவும் இருக்கிறது. உலகை ஆண்ட பேரரசின் வீரர்களே நம் அரசனிடம் கூலிக்கு வேலை செய்தார்கள் என்றால் யாருக்குத்தான் பெருமிதம் தோன்றாது?

வரலாற்றுச் செய்தியில் இயற்பியல் ஆசிரியருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காசு என்பது ஓர் உலோகத் துண்டு. அதற்கு எடை உண்டு, அடர்த்தி உண்டு, தேய்மானம் உண்டு, அது கிடைத்த இடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இவற்றை அளக்க முடியும். அளக்க முடிந்த பொருளை ஒரு கூற்றுக்குச் சான்றாகக் காட்டும்போது, அச்சான்று அக்கூற்றைத் தாங்குகிறதா என்று பார்க்கும் உரிமை அறிவியல் மாணவர் எவருக்கும் உண்டு. மேற்கண்ட செய்தியில் இரண்டு தனித்தனிச் சான்றுகள் இருக்கின்றன. ஒன்று இலக்கியம், மற்றொன்று காசு. இரண்டும் உண்மையானவை. ஆனால் இரண்டையும் முடிச்சுப் போட்ட கயிறு உறுதியானதா என்பதே கேள்வி.

1904இல் வந்த இரண்டு எழுத்துகள்

இக்கருத்தின் வேரைத் தேடினால் 1904ஆம் ஆண்டுக்குப் போய்ச் சேருகிறோம். அவ்வாண்டில் வி. கனகசபைப் பிள்ளையின் ‘ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்’ என்று தமிழில் அறியப்படும் ஆங்கில நூல் சென்னையில் வெளிவந்தது. பழந்தமிழ் நூல்கள் பல அப்போதுதான் ஏடுகளிலிருந்து அச்சேறிக் கொண்டிருந்தன. அந்நிலையில் அவற்றைப் படித்து, பண்டைத் தமிழரின் வாழ்வை ஒரு முழுச் சித்திரமாகத் தீட்டியது பெரும் பணி. பாண்டியர் முதலிய தமிழ் மன்னரின் சேவையில் ரோமானிய வீரர்கள் இருந்தனர் என்ற கருத்து அந்நூலில் இடம்பெற்றது.

அதே 1904இல் இராபர்ட் சூவெல் என்னும் ஆங்கிலேய அதிகாரி இலண்டன் ராயல் ஆசியக் கழகத்தின் ஏட்டில் ‘இந்தியாவில் கிடைத்த ரோமானிய நாணயங்கள்’ பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். விஜயநகரப் பேரரசு பற்றி 1900இல் நூல் எழுதிப் புகழ்பெற்றவரும் இவரே. எந்த ஊரில் எந்தப் பேரரசரின் காசு கிடைத்தது என்பதைப் பட்டியலிட்டுக் காலவாரியாகப் பிரித்தது அவர் கட்டுரையின் சிறப்பு. மதுரையில் மட்டும் சிறிய ரோமச் செப்புக் காசுகள் மிகுதியாகக் கிடைப்பதை அவர் கண்டார். பொன்னும் வெள்ளியும் வாணிகத்துக்காக வரலாம். ஆனால் மதிப்புக் குறைந்த செப்புக் காசை யார் கடல் கடந்து கொண்டுவருவார்? அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கு அதைப் பயன்படுத்திய ரோமானியக் குடிமக்கள் மதுரையில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார்.

கனகசபைப் பிள்ளை இலக்கியத்திலிருந்து வீரர்களைக் கண்டார். சூவெல் காசுகளிலிருந்து குடியிருப்பைக் கண்டார். பின்வந்தவர்கள் வீரர்களைக் குடியிருப்பில் குடிவைத்து, காசுகளை அவர்கள் மடியில் கட்டிவிட்டார்கள். 1904இல் இருவர் கையிலும் இருந்த தகவல் குறைவு, ஊகிப்பது தவறல்ல. ஆனால் நூறாண்டுகளுக்கு மேலாகியும் நாம் அவ்வூகத்தைச் சோதிக்காமல் திருப்பிச் சொல்லிக் கொண்டிருந்தால் தவறு நம்முடையது.

யவனர் என்றால் ரோமானியரா?

முதலில் இலக்கியச் சான்றைப் பார்ப்போம். முல்லைப்பாட்டு அரசனின் பாசறையைப் பாடும்போது யவனர்கள் அமைத்துக் காத்த கூடாரத்தையும் அவர்களுடைய உடையையும் தோற்றத்தையும் விவரிக்கிறது. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டை வாயிலில் வாளேந்திய யவனக் காவலர்களைக் காட்டுகிறது. புறநானூற்றில் நக்கீரர் பாடிய ஒரு பாட்டு யவனர் கொண்டுவந்த மதுவைச் சொல்கிறது. அகநானூற்றில் ஒரு பாட்டு, பொன்னுடன் முசிறிக்கு வந்து மிளகுடன் திரும்பும் யவனர் கலத்தைக் காட்டுகிறது. ஆகவே யவனர் இங்கு வந்தனர் என்பதிலும், சிலர் காவல் பணியில் இருந்ததாகப் புலவர்கள் பாடினர் என்பதிலும் ஐயமில்லை.

ஆனால் ‘யவனர்’ என்ற சொல்லைப் பாருங்கள். இது ஆசியா மைனரின் கடற்கரையில் இருந்த அயோனியா என்னும் கிரேக்கப் பகுதியின் பெயரிலிருந்து பிறந்தது. பாரசீகர்கள் கிரேக்கரை ‘யவுனா’ என்றனர். இந்தியாவில் அது முதலில் கிரேக்கரையும், பின்னர் மேற்கிலிருந்து வந்த பலரையும் குறித்தது. மகாராட்டிரத்தின் கார்லே குகையில் கொடையளித்தவர்கள் சிலர் தம்மை யவனர் என்று பொறித்துக் கொண்டுள்ளனர்; ஆனால் அவர்கள் பெயர்களோ இந்தியப் பெயர்கள்! எனவே யவனர் என்று படித்தவுடன் ரோமாபுரிச் சேனையின் சிப்பாய் என்று மொழிபெயர்ப்பது, வடக்கிலிருந்து வந்தவர் எல்லோரையும் ‘தில்லிக்காரர்’ என்பதைப் போன்றது.

அப்படியானால் ஆயுதம் தாங்கிய யவனர் இங்கு எப்படி வந்திருக்கக் கூடும்? இதற்கு ஒரு நல்ல குறிப்பு ரோமானிய அறிஞர் பிளினியிடம் இருக்கிறது. கடற்கொள்ளையருக்கு அஞ்சி, இந்தியா செல்லும் கப்பல்களில் வில்லாளிகள் ஏற்றிச் செல்லப்பட்டனர் என்று முதல் நூற்றாண்டில் அவர் எழுதினார். பருவக்காற்று திரும்பும்வரை கப்பல்கள் துறைமுகத்தில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அக்காவலர்களில் சிலர் இங்கேயே தங்கி வேலை தேடியிருக்கலாம். இதுவும் ஊகமே, ஆனால் ரோமச் சேனை நம் மன்னனுக்குச் சேவகம் செய்தது என்பதைவிட நடக்கக்கூடிய ஊகம்.

பொன், வெள்ளி, செம்பு: மூன்று வேறு கதைகள்

இனிக் காசுக்கு வருவோம். ‘ரோமக் காசு’ என்று ஒரே பெயரில் நாம் அழைப்பவை உண்மையில் மூன்று வகை. அவை வந்த காலமும் வேறு. வந்த நோக்கமும் வேறு.

வெள்ளிக் காசுகள் பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் என்னும் முதல் இரு பேரரசர்களுடையவை. பொற்காசுகளின் வருகை அவர்களுக்குப் பின்னும் தொடர்ந்தது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காக்குறிச்சியில் ஒரே புதையலில் 501 பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது வேண்டுமென்றே உளியால் வெட்டிய கீறல் இருக்கிறது. காசைக் காசாக மதிப்பவன் அதன்மீது உளி வைக்கமாட்டான். ஆகவே அதை வெட்டியவர்கள் அப்பொன்னை அரசனின் முத்திரைக்காக அல்ல, உலோகத்துக்காகவே மதித்தார்கள் என்று கொள்ள இடமுண்டு.

செப்புக் காசுகளின் கதை முற்றிலும் வேறு. மதுரையிலும் கரூரிலும் கிடைக்கும் சின்னஞ்சிறு செப்புக் காசுகள் பெரும்பாலும் கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இரண்டாம் கான்ஸ்டன்டியஸ், தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ் முதலியோர் காலத்தவை. பெரும்பாலும் இரண்டு, மூன்று கிராமுக்கு மேற்படாத எடை. அப்போது ரோமப் பேரரசே இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. இக்காசுகளைப் பற்றி இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் ஒரு தனி நூலே எழுதினார். வைகை கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள அழகன்குளத்தில் நடந்த அகழாய்விலும் நான்காம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ரோமக் காசுகள் கிடைத்துள்ளன.

இப்போது கால அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யவனரைப் பாடும் சங்கப் பாடல்களைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக்கு முன் வைக்கிறார்கள். செப்புக் காசுகளோ அதற்கு நூறாண்டுகளுக்குப் பின்னர் தொடங்குகின்றன. பாசறையில் நின்ற யவனர், தம் பேரனுக்குப் பேரன் காலத்தில் அச்சடிக்கப்படவிருந்த காசைச் செலவழித்திருக்க முடியாது!

சிலப்பதிகாரத்தை ஐந்தாம் நூற்றாண்டில் வைப்பவர்கள், இடைவெளி இல்லையே என்று வாதிடலாம். அவ்வாதத்துக்கும் பதில் வேண்டும். சிலப்பதிகாரம் தன் காலத்து நாட்குறிப்பு அன்று. தனக்கு முற்பட்ட மூவேந்தர் காலத்தைப் பாடும் காப்பியம். யவனக் காவலர் காப்பியம் காட்டும் பழைய காலத்தவர் என்றால் காசு பொருந்தாது. அவர்கள் காப்பியம் எழுந்த காலத்தவர் என்றால், முல்லைப்பாட்டின் யவனரை அதே காசோடு சேர்க்க முடியாது. எப்படியும் ஒரு முடிச்சு அவிழ்கிறது.

தராசு சொல்லும் செய்தி

வெள்ளிக் காசுகள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தோடு ஏன் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன? இதற்கு நம் ஆய்வுக்கூடத்துத் தராசே ஒரு விடை சொல்லும். கி.பி. 64இல் நீரோ மன்னன் நாணயத்தை மாற்றியமைத்தான். அதுவரை ஒரு ரோமப் பவுண்டு வெள்ளியில் 84 காசுகள் அடித்தார்கள். அவன் 96 அடிக்கச் செய்தான். காசின் எடை ஏறத்தாழ 3.9 கிராமிலிருந்து 3.4 கிராமாகக் குறைந்தது. அதோடு நில்லாமல், ஏறத்தாழத் தூய வெள்ளியாக இருந்த காசில் செம்பைக் கலந்தான். வெள்ளி ஏறத்தாழ 80 விழுக்காடாக இறங்கியது. பழைய காசே நம் நாட்டுப் புதையல்களில் மிகுதி. வாங்குவோர் நல்ல வெள்ளியையே கேட்டிருக்க வேண்டும், அல்லது விற்போர் நல்ல வெள்ளியையே தேர்ந்து கொண்டுவந்திருக்க வேண்டும்.

இக்கலப்பை நீங்களே கண்டுபிடிக்க முடியுமா? ஆர்க்கிமிடீஸ் விதியைக் கொண்டு கணக்கிடுவோம். வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.5 கிராம், செம்பின் அடர்த்தி ஏறத்தாழ 8.96. எடையில் 80 விழுக்காடு வெள்ளியும் 20 விழுக்காடு செம்பும் கலந்தால் அடர்த்தி ஏறத்தாழ 10.15 ஆகும். 3.4 கிராம் எடையுள்ள தூய வெள்ளிக் காசை நீரில் மூழ்கவைத்துத் தொங்கவிட்டால் 0.324 கிராம் எடை குறையும். கலப்படக் காசானால் 0.335 கிராம் குறையும். வேறுபாடு 11 மில்லிகிராம் மட்டுமே! ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு இருந்தால் போதும். நீரோவின் மோசடி வெளிப்பட்டுவிடும். பழங்கால வணிகரிடம் இத்தராசு இல்லை. ஆனால் உரைகல்லும் உளியும் இருந்தன. காசுமேல் உள்ள வெட்டுக் கீறல்களில் சில இச்சோதனைக்காக ஏற்பட்டவையாகவும் இருக்கலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எக்ஸ்-கதிரைக் காசின்மேல் செலுத்தி, அது உமிழும் கதிர்களைக் கொண்டு உலோகக் கலவையை அறியும் முறை இன்று பரவலாக இருக்கிறது. காசுக்குச் சேதமில்லை, ஆகவே எல்லோருக்கும் பிடிக்கிறது. ஆனால் அக்கதிர் மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. மண்ணில் நெடுங்காலம் கிடந்த வெள்ளிக் காசின் மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்து போய்விடும்; மேலே வெள்ளி செறிந்து நிற்கும். 1970களில் பரப்பை அளந்து செய்த ஆய்வு, நீரோவின் காசில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெள்ளி இருப்பதாகக் காட்டியது. பின்னர் காசில் நுண்ணிய துளையிட்டு உள்ளுலோகத்தை எடுத்துச் சோதித்தபோதுதான் 80 என்ற உண்மை தெரிந்தது. கருவி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது. சூவெலின் ஊகத்திலும் இதே நிலைதான். காசு பொய் சொல்லவில்லை. ‘இது எங்கே அச்சடிக்கப்பட்டது?’ என்ற கேள்விக்கு அது விடை சொன்னது. ‘இதை இங்கே யார் செலவழித்தார்?’ என்ற கேள்வியை அதனிடம் கேட்டு, முதல் விடையையே இரண்டாவதற்கும் விடையாக எழுதிக்கொண்டோம்.

ஆற்று மணல் எப்படிப்பட்ட சாட்சி?

மதுரைச் செப்புக் காசுகளில் பல, வைகை மணலில் பொறுக்கியெடுக்கப்பட்டவை. ஆற்று மணலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுமுன் அதன் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். மணலின் அடர்த்தி ஏறத்தாழ 2.65, செம்பின் அடர்த்தி 8.96. நீருக்குள் மிதப்பு விசையைக் கழித்தால், ஒரே பருமனுள்ள செப்புத் துண்டு மணல் துண்டைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு கனமாக இருக்கும். எனவே வெள்ளம் மணலை அடித்துச் செல்லும்போது காசு பின்தங்கும். நீரோட்டம் தளரும் இடங்களில் காசுகள் சேர்ந்துவிடும். ஆறு காசுகளைக் கனத்தைக் கொண்டு பிரிக்கிறது. காலத்தைக் கொண்டு பிரிப்பதில்லை. பாண்டியர் காசும் ரோமர் காசும் நாயக்கர் காசும் ஒரே குழியில் கிடந்தால், அவை ஒரே காலத்தில் புழங்கின என்று பொருளாகாது. ஆற்றங்கரையில் எங்கோ இருந்த பல அடுக்குகளை வெள்ளம் அரித்துக் கலந்துவிட்டது என்றே பொருள்.

அகழாய்வுக் குழியில் மண்ணடுக்கோடு கிடைத்த ஒரு காசு, ஆற்று மணலில் கிடைத்த நூறு காசுகளைவிட அதிகம் பேசும் என்று ஆய்வாளர் சொல்வது இதனால்தான். அதே அடுக்கில் கரித்துண்டு இருந்தால் கதிர்க்கரிமம் கொண்டு காலம் கணிக்கலாம்; பானை ஓட்டைப் பார்த்து அது வீடா, கிடங்கா, கடையா என்று அறியலாம். மணலிலிருந்து வந்த காசுக்கு இச்சுற்றம் இல்லை. அது முகவரி கிழிந்த கடிதம்.

வடநாட்டு வீரர்கள் தரும் பாடம்

அந்நிய மன்னனிடம் கூலிக்குப் போர்செய்த வீரர்களும் அவர்களுடைய காசும் நன்கு ஆராயப்பட்ட ஓர் உதாரணம் உலக வரலாற்றில் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் நம் சிக்கல் தெளியும்.

சுவீடன், நார்வே முதலிய வட ஐரோப்பிய நாடுகளிலிருந்து கடலோடிகளாகப் புறப்பட்ட வைக்கிங்குகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தின் மன்னன் இரண்டாம் பேசில், கி.பி. 988 அளவில் கீவ் நகர மன்னன் அனுப்பிய ஏறத்தாழ 6,000 வீரர்களைப் பெற்றான். அவர்களிலிருந்து ‘வராங்கியர்’ என்னும் மெய்க்காவல் படை உருவாயிற்று. பின்னாளில் நார்வேயின் மன்னனான ஹரால்ட் இளமையில் இப்படையில் பணியாற்றியவன்தான். நகர் காத்த அந்நிய வாள்வீரர்கள் என்ற வகையில் நம் யவனக் காவலருக்கு இவர்கள் சரியான இணை.

இவர்கள் இருந்தார்கள் என்பதற்கு என்ன சான்று? கான்ஸ்டான்டிநோப்பிள் நகரில், இன்றைய இஸ்தான்புல்லில், ஹேகியா சோஃபியா ஆலயத்தின் மாடத்தில் ‘ஹால்ஃப்டான்’ என்ற வடநாட்டுப் பெயர் ரூனிக் எழுத்தில் கீறப்பட்டிருக்கிறது. அவர்கள் பிறந்த சுவீடனிலோ, கிரேக்க நாட்டுக்குச் சென்றவர்களையும் அங்கே இறந்தவர்களையும் நினைவுகூரும் நடுகற்கள் ஏறத்தாழ 30 நிற்கின்றன. பைசாந்திய எழுத்தாளர்களும் இப்படையைப் பற்றி எழுதினார்கள். போன இடத்தில் ஒரு சான்று. புறப்பட்ட இடத்தில் ஒரு சான்று. இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

இனி அவர்களுடைய நாட்டில் கிடைக்கும் காசுகளைப் பாருங்கள். பொன்னில் சம்பளம் கொடுத்த பைசாந்தியத்தின் காசுகள் சுவீடனில் சில நூறே கிடைத்துள்ளன. ஆனால் அரபு நாட்டு வெள்ளி திர்ஹம்கள் பல பத்தாயிரக்கணக்கில் கிடைத்துள்ளன! காசின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு தீர்ப்பு எழுதினால், வைக்கிங்குகள் அரபுக் கலீபாவின் படையில் சேவகம் செய்தார்கள் என்றே எழுத நேரிடும். உண்மை அதுவன்று. அந்த வெள்ளி கம்பளித்தோலும் அடிமைகளும் விற்று வாணிகத்தால் வந்தது. அதன் பெரும்பகுதி வராங்கியர் படை தோன்றுவதற்கு முன்பே வந்துவிட்டது.

இன்னும் ஒன்று. டென்மார்க்கின் மன்னன் ஸ்வெண்ட் எஸ்ட்ரிட்சன் 1047க்குப் பின் அடித்த வெள்ளிக் காசு ஒன்றின் உருவம், பைசாந்திய மன்னன் நான்காம் மிக்கேலின் பொற்காசை அப்படியே பார்த்து வரைந்தது. பைசாந்தியர் எவரும் டென்மார்க்கில் குடியேறவில்லை. உருவம் மட்டும் பயணம் செய்தது. நம்மிடமும் இதற்கு இணை உண்டு. சேரரின் மாக்கோதை காசில் உள்ள தலை, ரோமக் காசின் தலையமைப்பை நினைவூட்டுகிறது. ஆனால் அதன்மேல் பொறித்த எழுத்து தமிழ்-பிராமி.

இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ள பிற்கால ரோமச் செப்புக் காசுகளிடையே, உள்ளூரிலேயே அச்சடித்த போலிகள் ஏராளம். போலி அடிக்கும் அளவுக்கு ஒரு காசுக்குத் தேவை இருந்தது என்றால், அதைக் கையாண்டவர்கள் உள்ளூர் மக்களே. சில்லறை போதாதபோது, கிடைத்த சிறு செம்பைச் சில்லறையாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். செப்புக் காசு என்றாலே ரோமானியர் குடியிருப்பு என்ற சூவெலின் விதியை அங்கே பொருத்தினால் இலங்கை முழுவதுமே ரோமானியக் குடியேற்றமாகிவிடும்! ஒரு விதி மதுரைக்குப் பொருந்தி இலங்கைக்குப் பொருந்தாவிட்டால் அது விதியல்ல.

அழகர்மலைக் குகையில் பொறித்த பெயர்கள்

இதுவரை சொன்னது வாதத்தின் புறப்பகுதி. அகப்பகுதி இனித்தான் வருகிறது. சூவெலின் ஊகத்துக்குள் சொல்லப்படாத ஒரு கருதுகோள் ஒளிந்திருக்கிறது. சில்லறைக் காசு வேண்டுமானால் அதைக் கையாளப் பழகிய அந்நியர் இருந்திருக்க வேண்டும் என்பதே அது. அதாவது, மதுரை மக்களுக்குச் சில்லறை தேவைப்படும் அளவுக்குக் கடைத்தெரு வாழ்வு இல்லை என்று அது மறைமுகமாகச் சொல்கிறது. பெருமிதத்தோடு ரோமானிய வீரர் கதையைத் திருப்பிச் சொல்பவர்கள், தம்மை அறியாமல் இக்கருதுகோளுக்கும் தலையசைக்கிறார்கள்.

இதற்கு மறுப்பு மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் கல்லில் எழுதப்பட்டு நிற்கிறது. அழகர்கோவிலுக்கு நீங்கள் பலமுறை போயிருப்பீர்கள். கள்ளழகரை வணங்கி, நூபுரகங்கையில் நீராடித் திரும்பியிருப்பீர்கள். அதே மலைத்தொடரில் கிடாரிப்பட்டிப் பக்கமாக ஏறினால், சமண முனிவர்கள் தங்கிய இயற்கைக் குகை ஒன்றும் அதில் கற்படுக்கைகளும் இருக்கின்றன. அங்குள்ள தமிழ்-பிராமி எழுத்துகளை ஐராவதம் மகாதேவன் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கணித்தார். கொடையளித்தவர்கள் யார் தெரியுமா? மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லர், உப்பு வணிகர், வெல்லப்பாகு போன்ற பாணிதம் விற்ற வணிகர், கலப்பையின் கொழு விற்ற வணிகர், அறுவை என்னும் துணி விற்ற வணிகர்!

இப்பட்டியலை மீண்டும் ஒருமுறை படியுங்கள். உப்பு, வெல்லம், கொழு, துணி. இவற்றில் எதுவும் யவனக் கப்பலுக்குப் போகும் முத்தோ மிளகோ அன்று. சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் சாதாரணப் பொருள்கள். ஒரு பொருளை மட்டும் விற்றுப் பிழைக்கும் தனித்தனி வணிகர் இருந்தனர் என்றால், அதற்கேற்ற சந்தை இருந்தது என்று பொருள். பாண்டியர் பெயரால் ‘பெருவழுதி’ என்று தமிழ்-பிராமியில் பொறித்த செப்புக் காசுகளும் கிடைத்துள்ளன. அவை கிறித்து பிறப்பதற்கு முற்பட்டவை என்பது ஆய்வாளர் கருத்து. ஆக, ரோமச் செப்புக் காசு மதுரைக்கு வருவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே மதுரைக்குச் சில்லறையும் தெரியும், கடைத்தெருவும் தெரியும்.

குகையில் யவனர் பெயர் இல்லை என்பதைக் கொண்டு யவனரே மதுரையில் இல்லை என்று நான் வாதிட வரவில்லை. இல்லாததைச் சான்றாக்குவதில் கவனம் வேண்டும். கல்வெட்டின் காலமும் யவன வாணிகம் பெருகிய காலத்துக்குச் சற்று முந்தியது. நான் சொல்வது ஒன்றே: செப்புக் காசு கிடைத்தது என்பதற்காக மதுரைக்கு வெளியிலிருந்து மக்களைக் கொண்டுவந்து குடிவைக்க வேண்டிய தேவை இல்லை. உள்ளூர் வணிகர் அதை ஏற்றுப் புழங்கினர் என்பதே எளிய விளக்கம். இலங்கையின் காசுகளும் அழகர்மலையின் எழுத்தும் அவ்விளக்கத்தோடு பொருந்துகின்றன.

எது கிடைத்தால் ஒப்புக்கொள்ளலாம்?

ஒரு கருத்தை மறுப்பவர், எது கிடைத்தால் அக்கருத்தை ஏற்பார் என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது ஆராய்ச்சியன்று, பிடிவாதம். மதுரைப் பக்கம் கிரேக்க எழுத்தில் பெயர் பொறித்த கல்லறை ஒன்று கிடைக்கட்டும். அல்லது, காலம் தெரிந்த ஒரு குடியிருப்பு அடுக்கில் மத்தியதரைக்கடல் நாட்டுச் சமையல் கலங்களும் விளக்குகளும் எடைக்கற்களும் காசுகளோடு சேர்ந்து கிடைக்கட்டும். அல்லது, எகிப்தின் வறண்ட மணலிலிருந்து, மதுரையில் பணியாற்றித் திரும்பிய ஒருவனின் ஓலை வெளிவரட்டும். அப்படி நடக்காது என்று சொல்வதற்கில்லை. எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசெய்ர் அல்-காதிமில் கண்ணன், சாத்தன் என்ற தமிழ்ப் பெயர்களும், பெரெனிகேயில் ‘கொற்றபூமான்’ என்ற பெயரும் பானை ஓடுகளில் கிடைத்திருக்கின்றன. தமிழர் அங்கே சென்றதற்குப் பெயரோடு கூடிய சான்று இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். நம் மேடைகளில் அதிகம் பேசப்பட வேண்டியது, ஐயத்துக்கு இடமான அந்த ரோமானியச் சிப்பாய் அல்லர். பானை ஓட்டில் தன் பெயரை எழுதி வைத்த அந்தத் தமிழ்க் கடலோடி.

நீங்கள் என்ன செய்யலாம்?

இக்கேள்விகளுக்கு விடை தரவேண்டிய காசுகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. ஆற்றில் காசு பொறுக்குவோர் அதை அமிலத்திலோ புளியிலோ ஊறவைத்துப் பளபளப்பாக்கி விற்கிறார்கள். பச்சைக் களிம்போடு அக்காசின் மேற்பரப்பும் எழுத்தும் போய்விடுகின்றன. கிடைத்த இடம் யாருக்கும் தெரியாது. அதன்பின் எந்த ஆய்வுக்கூடமும் அதனிடம் முழு விடை பெற முடியாது.

உங்கள் ஊரில் கிணறு வெட்டும்போதோ, வாய்க்கால் தூர்வாரும்போதோ பழங்காசு கிடைத்தால் அதைத் தேய்க்காதீர்கள்; கழுவவும் வேண்டாம். எந்த இடம், எத்தனை அடி ஆழம், கூட என்ன கிடந்தது என்பதை ஒரு தாளில் குறித்து, முடிந்தால் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதைபொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். இச்சட்டத்தைப் பலர் பறிமுதல் சட்டம் என்று எண்ணி அஞ்சுகிறார்கள். கண்டெடுத்தவருக்கு உரிய பங்கையும் இழப்பீட்டையும் பற்றியும் அதே சட்டம் பேசுகிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

மாணவர்கள் வகுப்பில் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். இன்று புழக்கத்தில் உள்ள காசுகளில் இருபதைச் சேகரித்து, அச்சான ஆண்டைக் குறித்து, ஒவ்வொன்றையும் நுண்ணிய தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரே வகைக் காசில் பழையது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வரைபடம் வரையுங்கள். ஒரு காசு எத்தனை காலம் கைமாறியது என்பதைத் தேய்மானம் எந்த அளவுக்குச் சொல்கிறது, எங்கே தவறுகிறது என்பது அப்போது விளங்கும். அதன்பின் ‘வைகையில் ரோமக் காசு கிடைத்தது, ஆகவே...’ என்று யாரேனும் பேசத் தொடங்கினால், அந்த ‘ஆகவே’ என்ற சொல்லில் அவரை நிறுத்தி, நடுவில் எத்தனை படிகள் விடுபட்டிருக்கின்றன என்று உங்களால் கேட்க முடியும்.